காவித் துணி போர்த்திய பெல்ட்

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஸ்டேஷன் டீ இப்படித்தான் போலிருக்கிறது.

என் பெயர் கலையரசி. பெரிய காஞ்சிபுரத்தில் பிளவுஸ் தைக்கிறேன். கல்யாணப் பட்டு என்றால் என்னிடம்தான் கொடுப்பார்கள். எனக்கிருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கூத்து. அதிலும் பரசுராமன் ஆடும் கூத்து. எந்த ஊரில் அவர் அர்ச்சுனன் தபசு ஆடினாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். பனை உயரத்துக்கு நட்ட கம்பத்தில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் ஒரு கையால் கம்பத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானையை விரித்து நிற்பார்கள். நானும் நிற்பேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அது வேறு விஷயம்.

இந்த வருஷம் ஐயம்பேட்டை நாடக விழாவில் அவரைப் பகலில் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின வாரம் என் கடைக்கு வந்தார். கட்டட வேலைக்காரர்கள் இடுப்பில் மாட்டும் பெல்ட் ஒன்று கையில் இருந்தது.

“யக்கா, கமிட்டிக்காரங்க இத்தப் போட்டுக்கினுதான் ஏறணும்னு சொல்றாங்க. மேல காவித் துணி வெச்சித் தெச்சிக் குடு. ஜனங்க பாத்தா சிரிப்பாங்க.”

அர்ச்சுனன் சிவனிடம் அஸ்திரம் கேட்டுப் போனானா, தெருவிளக்குக்கு பல்பு மாட்டப் போனானா?

“இத்தினி வருஷம் வெறுங்கையாலதானப்பா ஏறினே?”

“பழகிக்கணும்க்கா. டில்லில கூப்ட்டிருக்காங்க. அங்கேருந்து வெளிநாடு. குடும்பத்தோட போறேன். இனிமே இந்தப் பக்கம் வர்றது கஷ்டம்தான்.”

“நல்லதுப்பா” என்று சொல்லி பெல்ட்டை வாங்கிக்கொண்டேன்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கயிறு மாட்டும் வளையத்தைப் பிடித்திருந்த தடித்த தையலைப் பிரித்தேன். அந்த இடத்தில் பிளவுஸ் நூலால் ஓட்டுத் தையல் போட்டேன். அளவு பார்க்க முதலில் போடுவோமே, இழுத்தால் கையோடு வந்துவிடுமே, அது. மேலே காவித் துணியை மடித்துத் தைத்தேன். உங்கள் மேஜைமேல்தானே இருக்கிறது, ஓரத்தைப் பாருங்கள். எவ்வளவு நேராக வந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வழக்கம்போல ஒரு கையால் கம்பத்தைப் பிடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் அவர் கையை நம்பினேன். அவர்தான் நம்பவில்லை.

விழாவன்று சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். சிவபெருமான் மேடைக்குப் பின்னால் நின்று பரோட்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டுக்கொண்டிருந்தார். அர்ச்சுனன் காதில் மைக்கோடு ஏறினார். பாதிப் பாட்டை விழுங்கினார். உச்சிக்குப் போனதும் பெல்ட்டின் கயிற்றைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டார். ட்ரோன் கேமரா ஒன்று தலைக்கு மேல் வந்து நின்றது. அதைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, பின்னால் சாய்ந்து சிரித்தார். நூல் பிரியும் சத்தம் அவ்வளவு கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

எலுமிச்சம்பழங்களும் அவரோடுதான் விழுந்தன. இரண்டு பெண்கள் அவரைத் தாண்டி ஓடிப் பொறுக்கினார்கள். சில பேருக்கு மனசாட்சியே கிடையாது மேடம். நான் அவரைப் புரட்டி, தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி தேவகி என் தோளில் சாய்ந்து அழுதாள். “எங்கள வுட்டுட்டுப் போயிடாதக்கா” என்றாள். போவேனா? ஆஸ்பத்திரிக்குக் காலையும் மாலையும் நான்தான் கஞ்சி கொண்டுபோகிறேன். ஒரு பாட்டுப் பாடச் சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பழகிவிடும்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கலைக்காகச் செய்தேன் என்பதையும் விடாமல் எழுதுங்கள். கையெழுத்தை எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் தேவலை. சாயங்காலக் கஞ்சிக்கு அவர் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் அவரைப் பார்க்க எந்த ஊருக்கும் நான் பஸ் ஏற வேண்டியதில்லை.