சொந்தத் துணி

— வாடா மாப்பிள்ளை. பொண்ணு பிடிச்சிருக்கா?

— செருப்பைக் கழட்ட விடுங்க மான்போக் அண்ணே. வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டீங்க.

— பின்னே? இந்த ஜெயில்லேருந்து கோட்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போன ஆளை நான் பாத்ததே இல்லையே. எங்கே அது?

— திரும்பி வந்ததும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. மறுபடி இந்தப் பழுப்பு உடுப்புதான்.

— உட்காரு கில்சு, இந்தப் பக்கம் தரை சூடா இருக்கு, குளிருக்கு இதமா இருக்கும். முள்ளங்கி சூப் எடுத்து வெச்சேன், ஆறிப்போச்சு. காலையில அதிகாரி திட்டலையா?

— சிரிச்சாரு அண்ணே. எல்லாரும் இதுலதான் போறாங்க, உனக்கு மட்டும் என்ன பவிசுன்னு கேட்டாரு. நான் மட்டும் இருந்திருந்தா பேசாம தலையாட்டிட்டுப் போயிருப்பேன். வக்கீலம்மா விடலை.

— அந்த மியோங் அம்மாவா? ஆளு இத்தனூண்டுதானே இருப்பாங்க.

— குரலும் இத்தனூண்டுதான். "இவரு குற்றவாளின்னு இன்னும் யாரும் தீர்ப்பு சொல்லலை. அதுவரைக்கும் சொந்தத் துணியில கோர்ட்டுக்கு வரலாம்னு சட்டம் இருக்கு. யாரும் கேக்குறதில்லை, நாங்க கேக்குறோம்"னாங்க. அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே துணிப்பையை எடுத்துக் குடுத்தாரு.

— அட போடா. கோட்டு போட்டா திருடன் நல்லவனாயிடுவானா?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கோட்டைப் போட்டதும் முதுகு தானா நிமிர்ந்துச்சு அண்ணே. பேன்ட்டுதான் மானத்தை வாங்கிடுச்சு. இங்கே வந்து இளைச்சுட்டேன், பெல்ட்டும் குடுக்க மாட்டாங்க. நீதிபதி உள்ளே வந்ததும் ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சு வணங்கினேன்.

— நீதிபதி பாத்தாரா?

— அவரு பாக்கலை. என் பொண்டாட்டி பாத்துட்டா. கைக்குட்டையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டா. நான் இங்கே வந்தப்புறம் அவ சிரிச்சு இன்னைக்குத்தான் பாத்தேன்.

— சரி, விஷயத்துக்கு வா. அந்த ஜின்செங் மருந்துவேர்க் கடைக்காரம்மா வந்தாங்களா? தெருவிளக்குல உன் மூஞ்சியைப் பாத்தேன்னு சொன்னவங்க?

— வந்தாங்க. நல்ல மனுஷி அண்ணே, பொய் சொல்ற முகமில்லை. அரசு வக்கீல் எழுந்து, கடையை உடைச்சுட்டு ஓடின ஆளு இங்கே இருக்காரா, காட்டுங்கன்னாரு.

— காட்டினாங்களா?

— கேளுங்க. ஒரு மேஜையில நாங்க மூணு பேரு. நடுவுல வக்கீலம்மா. அவங்களுக்கு அந்தப் பக்கம் அவங்க ஆஃபீஸ் வக்கீல் சூங், என் வயசுதான், அவரும் கோட்டு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க, மறுபடி என்னைப் பாத்தாங்க. அப்புறம் கையை நீட்டி, "இவருதான். இந்த முழியை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்"னாங்க.

— யாரை?

— வக்கீல் சூங்கை.

— அடேய்.

— சத்தியமா. நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னு நீதிபதி சொன்னாரு. கிட்டே வந்து பாத்துட்டு, சந்தேகமே இல்லைன்னாங்க. அவரு பாவம், வேர்த்து ஊத்துது, நான் வக்கீல் நான் வக்கீல்னு முனகுறாரு. வக்கீலம்மா எழுந்து ஜாமீன் கேட்டாங்க. நாளைக்குச் சொல்றேன்னுட்டாரு நீதிபதி.

— கிடைச்சுடும்டா. போ, உன் பொண்டாட்டி தோஃபு வாங்கி வெச்சுக்கிட்டு வாசல்ல நிப்பா. அந்த சோயாக் கட்டியைத் தின்னா மறுபடி உள்ளே வர மாட்டோம்னு சொல்வாங்களே, ஒரே வாயில தின்னுட்டு, இந்தப் பக்கமே திரும்பிப் பாக்காம ஓடிரு.

— ஏன் அண்ணே, வேற யாராவது இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நீங்க செவுத்தைப் பாத்துக்கிட்டிருக்கீங்க.

— சிரிச்சேனே.

— இல்லை, சிரிக்கலை. காலையில வக்கீலம்மா வராங்க. உங்களைப் பத்தி அவங்ககிட்ட ஏதாவது சொல்லட்டுமா?

— சொல்லு. போன மாசம் ஒரு கிழவரு கோர்ட்டுல கையை நீட்டி என்னைக் காட்டினாரு, அங்கே பழுப்பு உடுப்புல இருந்தது நான் ஒருத்தன்தான்னு சொல்லு.