எட்டு பார் மௌனம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மாஸ்டரின் அன்புத் தங்கை அவர்களே, பாடகர் குழுவின் சகோதர சகோதரிகளே, “இவன் எதுக்கு மேடை ஏறுறான்?” என்று முணுமுணுக்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம். எதற்கு ஏறினேன் என்று சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

நான் தையற்காரன். இந்த ஆலயத்தின் நான்கு குரல் பாட்டில், ஆண்களின் மேல்குரலான டெனரை ஒற்றை ஆளாகப் பத்தொன்பது ஆண்டுகள் பாடியவன். பதினோரு ஆண்டுகளாக வாய் திறக்காதவன்.

நம்மை விட்டுப் பிரிந்த பாட்டு மாஸ்டர் யார்? பகலெல்லாம் மருத்துவமனையில் பதிவேடு எழுதியவர். மாலையில் திருப்பலிக்கு இசை எழுதியவர்! அச்சடித்த புத்தகம் ஒன்றை அவர் நம் கையில் கொடுத்ததுண்டா? கிடையாது! ஆளுக்கொரு தாள். கறுப்பு மையில் அவரவர் குரலுக்கான வரி. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சிலில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கிகூட ஆளைப் பார்த்துத்தான் விழும். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடும் நம் ஆசிரியையின் தாளில் ஒருமுறை கொக்கிகள் திடீரென்று நெருங்கி வந்தன. பிள்ளை உண்டாகியிருப்பதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. “எப்படித் தெரியும் மாஸ்டர்?” என்று வெட்கத்தோடு கேட்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மூச்சு சீக்கிரம் வாங்குறீங்க, அவ்வளவுதான்” என்றார் மாஸ்டர்.

அப்படிப்பட்ட மனிதருக்கு நான் என்ன செய்தேன்?

ஆயர் வந்திருந்த அந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். திருப்பலியில் வரும் தூயவர் பாடலுக்கு மாஸ்டர் புதிதாக இசை எழுதியிருந்தார். நடுவில் எல்லாக் குரலும் அடங்கிவிடும். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிக்கிறோமே, பார், அதில் எட்டு பாருக்கு ஆர்கன் மட்டும் ஒலிக்கும். பிறகு டெனர் தனியாக எழ வேண்டும். நான் ஏழிலேயே எழுந்துவிட்டேன்! என்னை நம்பிப் பெண்களின் மேல்குரலான சோப்ரானோவும் எழுந்தது. பாட்டு குப்புற விழுந்து நின்றே போனது. ஆயர் திரும்பிப் பார்த்தார்.

பாடகர் மாடியின் படியில் மாஸ்டர் மெதுவாகத்தான் கேட்டார். “எட்டுல்ல தம்பி?”

“ஏழுன்னுதான் எழுதியிருக்கீங்க!”

“தாளைக் காட்டுங்க, பாப்போம்.”

“கோவத்துல கிழிச்சுப் போட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். “அப்போ என் கைதான் தப்புப் பண்ணியிருக்கும்” என்றார். அத்தனை பேர் முன்னால் மன்னிப்பும் கேட்டார். அதோடு விட்டேனா? தப்பாக எழுதிக் கொடுக்கும் இடத்தில் பாட மாட்டேன் என்று வீறாப்பாக இறங்கிப் போனேன்.

அன்பர்களே, இதோ அந்தத் தாள்! நான் கிழிக்கவில்லை. அவர் கேட்டபோது இது என் சட்டைப்பையில் இருந்தது. பதினோரு ஆண்டுகள் என் தையல் மெஷின் மேசை இழுப்பறையில் இருந்தது. எட்டு. குழந்தைகூடப் படிக்கும், எட்டு!

நான் இறங்கிப் போன பிறகு மாஸ்டர் மௌனத்தின் எண்ணிக்கையை இலக்கத்திலும் எழுதி எழுத்திலும் எழுதத் தொடங்கினார். “நமக்கு எண் தெரியாதுன்னு நெனச்சுட்டார் போல” என்று நீங்கள் சிரித்தீர்கள். ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் மூன்று முறை விரல் வைத்துச் சரிபார்த்தார். அக்கறை என்று நினைத்தீர்கள். அது அக்கறையா? தன் கைமேல் நம்பிக்கை போன மனிதரின் பயம் அது! அந்த நம்பிக்கையைப் பறித்தவன் நான்.

வேலை முடிந்து என் கடை வழியாகத்தான் போவார். வாசலில் அவர் நடை தளரும். நான் மெஷினை வேகமாக மிதிப்பேன். ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று குரலாகிவிட்ட பாட்டில் என் குரல் இல்லாத இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தனிமை எனக்கு வேண்டியதுதான். அவருக்கு எதற்கு?

போன செவ்வாய்க்கிழமை அவருடைய தங்கை கடைக்கு வந்து ஒரு துணிப்பையை வைத்தார். “அண்ணன் உங்களுக்குன்னு எழுதினது” என்றார். உள்ளே பதினோரு ஆண்டுகளின் டெனர் தாள்கள்! ஒரு திருப்பலி விடவில்லை.

“நானும் கேட்டேங்க. பாடாத ஆளுக்கு எதுக்குண்ணா எழுதுறீங்கன்னு. ‘டெனர் இல்லாம எப்படிம்மா எழுதுறது’ன்னாரு.”

தாள்களைப் புரட்டினேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் சிவப்புக் கொக்கிகள் நெருங்கி வந்திருந்தன. எனக்கு மூச்சிரைப்பு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. கடைசி பெஞ்சில் நான் இருமியதை மாடியிலிருந்து கேட்டிருக்கிறார்! கடையை அடைத்துவிட்டு அழுதேன்.

நண்பர்களே, இந்தப் பழைய தாளைப் பாடகர் குழுவின் அலமாரிக் கதவில் ஒட்டப் போகிறேன். வருகிறவர் போகிறவரெல்லாம் அவர் கை தவறவில்லை என்று பார்க்கட்டும். நீங்கள் சேர்த்துக்கொண்டால், அவர் எழுதி வைத்த ஒவ்வொரு டெனர் வரியையும் மூச்சு உள்ளவரை பாடுவேன். சேர்த்துக்கொள்ளாவிட்டால் அதையும் ஏற்கிறேன்.

இன்று ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போது நடக்கவிருக்கும் திருப்பலியில் அந்தத் தூயவர் பாடலைப் பாடுவோம். ஆர்கன் வாசிக்கும் அம்மா, அவசரப்படாமல் வாசியுங்கள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

எட்டுதான் மாஸ்டர். அன்றைக்கும் எட்டுதான்.