ஐட் ரோ குளோ ரிக்

சங்ககிரி பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சாமி பெயர் என்றுதான் நினைத்தேன்.

"ஐட்... ரோ... குளோ... ரிக்."

அவள் பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பினாள். "ஏனுங்க, அது என்ன?"

"ஆசிட் பேருங்க. எங்கூட்டுக்காரரு டேங்கர்ல ஏத்திக்கிட்டு பம்பாய் போனவரு, மாசமாச்சு, ஒரு தகவலும் இல்லீங்க. லாரி ஆபீஸ்ல கேக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்குங்க ஆசிட் பேரு?"

"போன வாரம் ஆசிட் வண்டி எங்கன்னு கேட்டனுங்க. எந்த ஆசிட்டுன்னு திருப்பிக் கேக்கறாங்க. இந்தப் பேர அவருதான் ஊட்டுல இருந்தப்ப நாலாப் பிரிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. அன்னிக்குச் சிரிச்சுப்போட்டு உட்டுட்டேன்."

"ஊட்டுக்காரர் பேரையே சொல்லிக் கேக்கலாமில்லீங்க?"

"அவரு பேர நான் எப்படீங்க வாயில சொல்றது?"

அந்த அம்மாளும் சொல்லாதவள் போலிருக்கிறது. ஆமாமென்று தலையாட்டினாள்.

சங்ககிரி மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது, முன்சீட்டுப் பெண் அந்தப் பேரை நிறுத்தாமல் முழுசாகச் சொல்லிவிட்டாள்.

"நல்லா வருதுங்க. அவரு வந்ததும் சொல்லிக் காட்டுங்க" என்றாள் அந்த அம்மாள்.

கம்பியைப் பிடித்து எழுந்தவள் சொன்னாள்: "அவரு வந்துட்டா இது எனக்கு எதுக்குங்க?"