முகம் தைக்காத பொம்மை

மூன்று வயதுக் குழந்தைக்கு நரியைக் காட்ட முழு நரி தேவையில்லை மேடம். ஒரு வால் போதும். பழுப்புத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நான் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லாக் குழந்தைகளும் "நரி, நரி" என்று கத்துவார்கள். அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டால் மறுபடியும் டீச்சர். வெள்ளைக் கோட்டு போட்டால் டாக்டர், பையை மாட்டினால் தபால்காரர். அந்த வயதில் அவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, அடையாளத்தைத்தான் பார்க்கிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

நீங்கள் அடிக்கடி ஃபோனைப் பார்க்கிறீர்கள். குழந்தை எங்கே என்று கேட்டீர்கள். சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. வரிசையாகச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் மழலையர் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தலைப்பு. மழை என்று எடுத்துக்கொண்டால் பாட்டில் மழை, மணல் தொட்டியில் மழை, களிமண்ணில் மழைத்துளி, கதையில் குடை. ஒரு விஷயத்தை வாயால் சொன்னால் குழந்தையின் காதில் விழும், அவ்வளவுதான். அதையே பாடி, பிசைந்து, நடித்து, ஓடி விளையாடினால் உடம்பில் இறங்கிவிடும். பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அதை வெளியே எடுக்க முடியாது. எந்த வாரம் என்ன தலைப்பு என்று தீர்மானிப்பது நான்தான். வாசலில் பெரிய எழுத்தில் தொங்கவிடுவோம், பெற்றோர் எல்லோரும் படித்துவிட்டுத்தான் போவார்கள். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை.

அவளை நாங்கள் பொத்தான் என்றுதான் கூப்பிடுவோம். சட்டையின் மேல் பொத்தானை எப்போதும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பாள். மற்ற குழந்தைகள் எல்லாம் போன பிறகும் அவள் மட்டும் இருப்பாள். அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. அடுத்த ஆள் வந்து கல்லாவில் நின்றால்தான் அந்தப் பெண் கிளம்ப முடியும். அப்பா இல்லை. குட்டையாக வெட்டிய முடி, பெரிய சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் நிற்பாள் அந்தப் பெண்.

"ஸாரி டீச்சர், இன்னிக்கும் லேட்டு. உங்களுக்குக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்."

கோயில் எல்லாம் வேண்டாம், நேரத்துக்கு வந்தால் போதும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையில் அவள் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைப்பேன். அந்த நேரத்தில் பள்ளியில் ஈ காக்கை இருக்காது. ஆயாம்மா பின்பக்கம் டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார். பொத்தான் என் மடியில் உட்கார்ந்து பழைய தாள்களைப் பட்டை பட்டையாகக் கிழிப்பாள். அவள் உச்சந்தலை என் தாடைக்கு அடியில் சரியாகப் பொருந்தும். வேறு எந்தக் குழந்தைக்கும் அப்படிப் பொருந்தியதில்லை.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊர் மாறப் போறோம் டீச்சர். எங்க அண்ணன் அங்க சொந்தமா கடை போடறார், வந்துடுன்னு கூப்பிடறார். இந்த வருஷப் படிப்பு முடிஞ்சதும் கிளம்பிடுவோம்."

எனக்குப் பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இனிமேலும் யாரும் வரப்போவதில்லை என்பது சுவர் முழுக்கத் தெரிந்தது. ஒரு மனுஷி அந்த மாதிரி பயத்தை எவ்வளவு நாள் தாங்குவாள், நீங்களே சொல்லுங்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையன் இருந்தான். சுருட்டை முடி. ஒரு மத்தியானம் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசல்படி தாண்டியதும் அழ ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பொழுது சாய்வதற்குள் அவன் தெருமுனையில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் அவனை ஒரு அடிகூட அடிக்கவில்லை. தயார்ப்படுத்தாமல் கூட்டிப்போனது மட்டும்தான் என் பிழை. பாடம் நடத்தாமல் பரீட்சை வைப்பார்களா?

அதனால் இந்த முறை தலைப்புகளை நிதானமாக யோசித்தேன்.

முதல் தலைப்பு பிராணிகளும் குட்டிகளும். பெரிய முயல் இரை தேடப் போகும்போது குட்டிமுயல் வளைக்குள் அசையாமல் இருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது. பெரிய முயல் திரும்பி வந்து தன் பாட்டைப் பாடினால்தான் வெளியே வரலாம். மளிகைக்கடையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பாதிப் பேர் உள்ளே போன கையோடு சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பொத்தான் அப்படியில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் அவள் வரவில்லை. கை கால் ஓடாமல் ஆயாம்மா கழிப்பறை வரைக்கும் தேடினார். நான் பாட்டைப் பாடியதும் பெட்டி மூடி மெதுவாக உயர்ந்தது. முகமெல்லாம் வேர்வை. இருமல் வந்ததாம், விழுங்கிவிட்டாளாம். அவளை மடியில் வைத்து, கெட்டிக்காரி என்று சொன்னேன்.

"விளையாட்டுன்னாலும் ஒரு அளவு வேண்டாமா டீச்சர்? எனக்கு உயிரே போயிடுச்சு" என்றார் ஆயாம்மா.

அடுத்த தலைப்பு தெரியாதவர்கள். இது எல்லாப் பள்ளியிலும் எடுப்பதுதான், பெற்றோர்களே கேட்பார்கள். ஒரு கைப்பொம்மை செய்தேன். யாரோ என்று பெயர் வைத்தேன். தலையில் கறுப்பு நூலைக் குட்டையாகக் கத்தரித்து ஒட்டினேன். முகம் தைக்கவில்லை, தெரியாதவருக்கு முகம் எதற்கு? கைவேலைப் பெட்டியில் ஒரு சிவப்புக் கம்பி கிடந்தது. அதை வளைத்துக் கண்ணாடியாக மாட்டினேன். கையில் கிடைத்தது சிவப்பு, அவ்வளவுதான். தற்செயல்.

யாரோ வந்து குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். குரல் தேனாக இருக்கும். "செல்லம், வா, வீட்டுக்குப் போகலாம், நான்தான் அம்மா" என்று சொல்லும். குட்டிமுயல் மூச்சுவிடக்கூடாது. யாரோ எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறதோ அவ்வளவு ஆழமாக ஒளிந்துகொள்ள வேண்டும். அழுதுகொண்டே கூப்பிட்டால் இன்னும் ஆபத்து. இதைப் பாட்டாகப் பாடினோம், களிமண்ணில் செய்தோம், மணலில் வளை தோண்டி விளையாடினோம். மற்ற குழந்தைகள் அடுத்த வாரமே மறந்துபோனார்கள். சாயங்காலங்களில் எனக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது பொத்தானோடு மட்டும்தான்.

"இந்தப் பொம்மையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. இதைக் கொஞ்சம் உள்ள வைங்களேன்" என்று ஆயாம்மா சொன்னார். பிறகு பொம்மையையே கொஞ்ச நேரம் பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வாரக் கடைசியில் அந்தப் பெண் வழக்கம்போல ஓடிவந்து வாசலில் நின்று கையை நீட்டினாள். பொத்தான் என் காலைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை, நடுங்கினாள். என் முழங்கால் வரைக்கும் அந்த நடுக்கம் தெரிந்தது. அம்மா கிட்டே வர வர அவள் வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணை மட்டும் அகலத் திறந்தாள். கடைசியில் இருவருமாகச் சேர்ந்துதான் விரல்களைப் பிரித்தோம்.

அடுத்த வாரம் அந்தப் பெண் என்னிடமே யோசனை கேட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னைப் பார்த்தா பயப்படறா டீச்சர். கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறா. ராத்திரி தூங்கும்போது மட்டும் வந்து கட்டிக்கிட்டுப் படுக்கிறா. விடிஞ்சா திரும்ப அதே கதை. நான் என்ன பாவம் பண்ணேன்?"

"இந்த வயசுல அப்படித்தான்மா. தானா சரியாயிடும்" என்றேன். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ராத்திரி மட்டும் வருகிறாள் என்று அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது தலைப்பு பயணம். பை எப்படி அடுக்குவது, வண்டியில் எப்படி உட்காருவது, புது வீட்டில் எந்த மூலை நம்முடையது. பொத்தான் பையில் ஒரு சட்டையும் ஒரு கட்டு கிழித்த தாளும் வைத்தாள்.

இன்று காலை அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா இறக்கிவிட்டுப் போனதும் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டோம். அவள் அழவில்லை மேடம், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வழி முழுக்க என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளை எங்கே என்று கேட்டாள். போன மாதமே தயார் செய்து வைத்திருந்தேன். மெத்தை போட்டு, தண்ணீர் வைத்து, பிஸ்கட் வைத்து. காற்றுக்குப் பலகையில் துளைகள் போட்டிருக்கிறேன், அவள் கண் உயரத்துக்கு. யார் வருகிறார்கள் என்று குட்டிமுயல் பார்க்க வேண்டுமே. பலகையை உள்ளேயிருந்து அவளாலேயே தள்ள முடியும். நான் ஒன்றும் அரக்கி இல்லை.

பால் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கேதான் உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தார்கள். பால் பாக்கெட்டைக்கூட வாங்க விடவில்லை.

"வீட்டை ரெண்டு தடவை அலசிட்டாங்க டீச்சர். அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு ரூமா நின்னு கூப்பிட வச்சிருக்கோம். சின்னச் சத்தம்கூட இல்ல. அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? எங்க வச்சிருக்கீங்க?"

நீங்கள் இப்படிக் கேட்டபோது உங்கள் குரல் ஆடியது. என் குரல் ஆடவில்லை. ஆனால் அம்மாவைக் கூப்பிட வைத்திருக்கிறோம் என்று சொன்னீர்களே, அப்போது எனக்குள் கொஞ்சம் நடுங்கியது. அது கூடாது. அந்தப் பெண் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் உள்ளே ஒடுங்குவாள். அழுதுகொண்டே கூப்பிட்டால் தும்மலை அடக்குவாள், தண்ணீரைத் தொட மாட்டாள், இருந்த இடத்திலேயே நனைத்துக்கொள்வாள், அசைய மாட்டாள். அவள் எவ்வளவு நேரம் அப்படி இருப்பாள் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு நேரம் நாங்கள் ஒளிந்து பழகியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என்னைக் கூட்டிப்போங்கள். நான் பாடினால் போதும். இடத்தை நான் சொல்லி, பூட்ஸ் காலோடு நாலு பேர் போய்ப் பலகையை இழுத்தால் குழந்தை பயத்திலேயே செத்துப்போவாள். பாட்டை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. அவளுக்கு என் குரல்தான் வேண்டும். இந்த உலகத்தில் அவள் என் ஒருத்தியிடம்தான் வருவாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, நான் உழைத்த உழைப்பு அப்படி.

ஃபோன் அடிக்கிறது. எடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஏன் மேடம் அப்படி உட்கார்ந்துவிட்டீர்கள்? ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்?

"வெளிய வந்துட்டா. மாடிப்படிக்குக் கீழ இருந்து, சமையலறைப் பக்கம். நல்லா இருக்கா."

யார் பாடியது?

"யாரும் பாடல. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவ அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதுக்கு மேல குரல் வரல. உங்க சமையலறையில தரையில உக்காந்துட்டாங்களாம். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கண்ணைத் துடைச்சிட்டு இருந்திருக்காங்க. பலகையைத் தள்ளிட்டு வந்து, ஒண்ணுமே பேசாம மடியில ஏறி உக்காந்துட்டா."

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சரி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்புக் கம்பி பெட்டியில் கிடக்கவில்லை. தேடிப் போய் வாங்கினேன். சாயங்காலம் அந்தப் பெண் வாசலில் நிற்கும்போது அவள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, மறுநாள் அதே வளைவில் வளைத்தேன். முடியையும் அவள் முடியைப் பார்த்துத்தான் கத்தரித்தேன். அம்மாவைக் கண்டு குழந்தை நடுங்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொம்மையைச் செய்தேன். திட்டம் போட்டது நான், நடத்தியது நான், தூக்கிப் போனது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ராத்திரி மட்டும் வந்து கட்டிக்கொள்கிறாள் என்று அவள் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தூங்கும்போது யாரும் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லை. ஒரு அடையாளம் போதும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன், கடைசியில் நானே ஏமாந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். சோம்பல் படாமல் அந்தப் பொம்மைக்கு அவள் அம்மாவின் முகத்தையும் தைத்திருக்க வேண்டும்.