லீக் அப்பாவு அடைத்த ஜன்னல்கள்

சவுக்காரத் தண்ணீர் கெட்டியாக இருந்தால் குமிழி எழும்பாது ஐயா. சும்மா வழவழவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, கோழி இறகில் தொட்டு, குழாய் சேருமிடத்தில் தடவ வேண்டும். காற்று கசிந்தால் அங்கே முத்து முத்தாகக் குமிழி வரும். ராயபுரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குச் சோறு போட்டது இந்த வேலைதான். என் பெயர் அப்பாவு. அங்கே எல்லாரும் லீக் அப்பாவு என்பார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

திருவொற்றியூரில் பாத்திரம் துலக்கும் தூள் செய்கிற கம்பெனி உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்கல்லை மாவாக அரைத்து, பெண்பிள்ளைகளை வைத்துச் சலிப்பார்கள். அந்த மாவு நெஞ்சுக்குக் கெடுதலா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி தவசிமுத்து எங்கள் டாக்டர் வேதமாணிக்கத்திடம் கேட்டிருந்தார். கெடுதல் என்றால் சலிக்கிற கொட்டகையில் காற்றாடி வைப்பது, இல்லையென்றால் இருக்கிற ஜன்னல்களையும் அடைத்துவிடுவது என்று பேச்சு. கடற்காற்றில் மாவு பறந்து நஷ்டமாகிறதாம். என் தங்கை பச்சையம்மாவும் அங்கேதான் சலித்தாள். புருஷன் போன பிறகு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

டாக்டர் சில முயல்களைத் தினமும் மாவுப் புழுதியில் விட்டு வைப்பார். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூடுவோம். முயல் மூச்சு விட, பெட்டிக் காற்று குழாய் வழியாக ஒரு முள்ளை அசைக்கும். முள், கரி பூசிய காகிதத்தில் கோடு கீறும். நல்ல மூச்சு என்றால் உயரமான கோடு. பெட்டியில் எங்காவது ஓட்டை இருந்தால், முயல் நன்றாக மூச்சு விட்டாலும் கோடு குட்டையாகிவிடும்.

முதல் தடவை கோடு குட்டையானபோது ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்தேன். டாக்டர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். சில வாரம் கழித்து மறுபடி குட்டையாயிற்று. எங்கேயோ ஒழுகுகிறது, பார் என்றார். மூடியைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், ஊதுவத்திப் புகை காட்டிப் பார்த்தேன், புதுசாக மெழுகு வைத்தேன். ஒரு குமிழி இல்லை. டாக்டர் திட்டவில்லை ஐயா. என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அவர் சாப்பிடப் போன நேரம், புழுதியையே கண்டிராத ஒரு முயலைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தேன். கோடு கம்பீரமாக எழுந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியில் ஓட்டை இல்லை. கூண்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முயலின் நெஞ்சில்தான் கோளாறு. டாக்டர் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் அவர் திரும்பி வந்தபோது பெட்டியில் நல்ல முயல் இருந்தது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"ஆமாங்க, மூடியாண்ட இருந்துச்சுங்க" என்றேன். மறுபடி தோளில் தட்டினார். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

அதன் பிறகு கோடு குட்டையாகும்போதெல்லாம் முயலை மாற்றினேன். காதில் மையால் போடும் அடையாளத்தையும் நானே போட்டேன். இளைத்த முயல்கள் தானாகச் சாகட்டும் என்று காத்திருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் புதைத்தேன். மாவால் கெடுதல் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் பொய் எழுதவில்லை. அவர் பார்த்த முயல்கள் நன்றாகத்தான் இருந்தன.

ஜன்னல் அடைக்க ஆள் தேடிய தவசிமுத்துவிடம் என்னை அனுப்பியதும் டாக்டர்தான். காற்று விஷயத்தில் என்னைவிட்டால் ஆளில்லை என்று சொன்னாராம். கோணியைத் தாரில் முக்கி ஜன்னல் பலகை இடுக்கெல்லாம் திணித்து, மேலே மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தேன். பச்சையம்மா சல்லடையை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். முகமெல்லாம் வெள்ளை.

"இன்னா அண்ணாத்தே, எல்லாத்தியும் அடைச்சிகினே வர்றே. உள்ள நாங்க கீறோமே?"

"டாக்டரே சொல்ட்டாரு. ஒண்ணும் ஆவாது, போய் வேலையப் பாரு" என்றேன். அவள் போனாள். நான் சொன்னால் கேட்பாள்.

அப்போதாவது கையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. குழாயில் ஒரு லீக்கைக் கண்டுபிடிக்காத அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. கூடப்பிறந்தவளை உள்ளே வைத்து அடைத்துவிட்டு வந்து, அன்றைக்கும் சோறு தின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது ஐயா.

மற்றப் பெண்கள் எப்படிச் செத்தார்கள் என்று நீங்களே விசாரித்திருப்பீர்கள். பச்சையம்மா கடைசிவரை காலடிப்பேட்டையில் என் வீட்டில்தான் கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே இருப்பாள். ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நீதான் லீக்கு பாக்கற ஆளாச்சே அண்ணாத்தே. எனுக்கு எங்க ஒழுகுதுன்னு பாரேன்" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நானும் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். கேட்டுவிட்டு, எல்லாம் சரியாகப் போய்விடும் என்று சொன்னேன்.

டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். நான்தான் செய்தேன், கைநாட்டு வைக்கிறேன். இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் உங்கள் ஆட்கள் அந்தக் கொட்டகை ஜன்னல்களைத் திறக்கப் போய், கையால் முடியாமல் கடப்பாரை கொண்டுவந்து உடைத்தார்களாம். அதைக் கேட்டபோது, நான் அடைத்தது அவ்வளவு கெட்டி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.