நிமிர்ந்து நிக்கிற மவுஸ்

— என்னங்க, மவுஸ்னு சொல்லிட்டு இதயா கொண்டு வந்தீங்க? யாரோ மிதிச்சுக் கோணலாப் போன மாதிரி நிமிர்ந்து நிக்குது!

— சிரிக்காத. கை குலுக்கற மாதிரி பிடிக்கணுமாம். மணிக்கட்டு திருகாதாம். விலையும் கம்மி.

— அதான பாத்தேன். கம்மின்னு சொன்னா போதும், கண்ண மூடிட்டு வாங்கிடுவீங்களே.

— முதல்ல பிடிச்சுப் பாரேன்.

— பிடிக்கிறேன், பிடிக்கிறேன்... என்னது இது? கட்டைவிரலுக்கு வச்ச பள்ளத்துல சுண்டுவிரல் போய் விழுது!

— திருப்பிப் பிடி.

— திருப்பினா பட்டனெல்லாம் மணிக்கட்டுப் பக்கம் வருது... கடவுளே! இது இடது கைக்குச் செஞ்சதுங்க!

— அப்படியா?

— அப்படியாவாம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் எந்தக் கையால எழுதறேன்னு கூடவா தெரியாது?

— வரிசையா இருந்துச்சு, எடுத்துட்டேன். மவுஸுக்கு இடது வலது உண்டுன்னு வேன் ஓட்டறவனுக்கு எப்படித் தெரியும்? செருப்புன்னா கேளு, சரியாச் சொல்வேன்.

— நல்ல ஆளு போங்க.

— சரி, குடு. சாயங்காலம் அந்தப் பக்கம்தான் போறேன். மாத்திட்டு வந்துடறேன்.

— அதுக்கு இப்ப என்ன அவசரம்?

— குடும்மா.

— இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்?

— இல்ல... பெட்டியப் பிரிச்சாச்சு. கடைக்காரன் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பான். நான் இடது கையிலயே பழகிக்கறேன்.

— அப்ப வலது கை சும்மா உக்காந்திருக்குமா?

— ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதுக்காகத்தான்.

— அடேயப்பா! பிறந்தநாளுக்கு வாங்கின கைப்பைய மறுநாளே மாத்திட்டு வந்தவ பேசற பேச்சா இது?

— அது கலர் சகிக்கல. தள்ளி உக்காருங்க, ஒயரச் சொருகணும்... ம். வேலை செய்யுது.

— பிளானத் திறந்து போட்டுப் பாரு.

— அதத்தான் திறக்கறேன். பள்ளிக்கூடத்தோட மேல்மாடி வரைஞ்சிட்டிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள இன்ஜினியர் கையில இருக்கணும். இது நல்லா வந்தா அடுத்து ஆஸ்பத்திரிக் கட்டடம் எனக்குத்தானாம். பிந்திப் போனா வேற ஆளுக்குப் போயிடும்... ஐயோ!

— என்னாச்சு?

— படிக்கட்டு நடுவுல கதவு வச்சுட்டேன்! அமுக்கும்போது மவுஸே நகந்து போகுது. மேலேர்ந்து அமுக்கியே பழகிடுச்சு. இத பக்கவாட்டுல அமுக்கணும்.

— கட்டைவிரல எதிர்ப்பக்கம் முட்டுக் குடு. ஒரு பக்கம் தள்ளினா மறுபக்கம் யாராவது தாங்கணும்ல.

— அட... ஆமா. நகரல. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

— கடையில... சும்மா பேசிட்டிருந்தாங்க.

— பாத்தீங்களா, சுவரு எவ்வளவு நேரா வருது!

— பாத்துட்டுத்தான் இருக்கேன். ரொம்ப நேரா வருது. நான் இடது கையால பல்லு விளக்கினா பிரஷ் மூக்குல போகும்.

— எனக்குக் கை சுறுசுறுப்பு.

— பழைய மவுஸும் கீபோர்டுக்கு இடது பக்கம்தானே கிடந்துச்சு?

— தூசி தட்டறப்போ தள்ளி வச்சிருப்பேன்.

— தினமுமா?

— என்ன, போலீஸ்காரர் மாதிரி கேக்கறீங்க?

— அன்னிக்குப் பால் பாத்திரம் விழுந்துச்சே...

— பூனை தட்டி விட்டுச்சுன்னு சொன்னேன்ல.

— நாம இருக்கறது ஏழாவது மாடி. பூனை லிஃப்ட்ல ஏறி வந்துச்சா?

— விடுங்க, எனக்கு வேலை இருக்கு.

— கைய நீட்டு.

— எந்தக் கைய?

— மடியில ஒளிச்சு வச்சிருக்கியே, அத.

— வேணாங்க.

— நீட்டும்மா... இங்க பாக்காத, சன்னலப் பாரு. விரல்ல தொடறேன், தெரியுதா?

— ம். தெரியுது.

— நான் இன்னும் தொடவே இல்ல... அழாத. எப்பலேர்ந்து?

— மழைக்கு முன்னாலேர்ந்து. முதல்ல விரல் நுனி மட்டும் மரத்துப் போச்சு. அப்புறம் பாத்திரம் தூக்க முடியல, பூட்டுத் திறக்க முடியல... தனியாவே டாக்டர்கிட்ட போனேன். நரம்பு அழுந்துதாம். சரியாயிடுமாம். ஆனா கொஞ்ச மாசத்துக்கு இந்தக் கையால மவுஸே தொடக்கூடாதுன்னுட்டாரு.

— எங்கிட்ட ஏம்மா சொல்லல?

— சொன்னா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும்.

— என்ன சொல்வேன்?

— கழுத்து வலிக்குதுன்னு சொன்னப்போ சொன்னதத்தான். "வேலைய விட்டுடு, வேன் ஓடறது நமக்குப் போதும்." எவ்வளவு சுலபமாச் சொன்னீங்க! அன்னிக்கு நான் சாப்பிடாமப் படுத்தேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— மறுநாள் காலைல உன் தட்டு போட்டது போட்டபடியே மூடிக் கிடந்துச்சு.

— அப்பக் கூட ஒரு வார்த்தை கேக்கல நீங்க... நான் போட்ட கோட்டுல சுவர் எழும்புதுங்க. அதுக்குள்ள யார் யாரோ நடக்கறாங்க, பசங்க உக்காந்து படிக்கறாங்க. அந்த இன்ஜினியருக்கு என் பேர் தெரியும். இதையும் விட்டுட்டா, எனக்குன்னு என்னங்க இருக்கு? இப்பவும் விட்டுடுன்னுதானே சொல்லப் போறீங்க? தெரியாத்தனமா நீங்க தப்பா வாங்கிட்டு வந்தது, எனக்குத் தோதா அமைஞ்சு போச்சேன்னு நானே இப்பத்தான்...

— தப்பாவா? கடையில இருந்ததெல்லாம் வலது கைக்குத்தான். இடது கைக்கு யாரும் கேக்கறதே இல்லன்னான். சொல்லி வச்சு, வரவழைச்சு, அங்கயே உக்காந்து நான் அமுக்கிப் பாத்து வாங்கினேன்... அன்னிக்குச் சொன்ன வார்த்தைய எப்படித் திரும்ப எடுத்துக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா.