விதைக்கு விட்ட காய்

செடி பீன்ஸுக்குப் பந்தல் வேண்டாம், சார். முழங்கால் உயரம் வளர்ந்து தன் காலிலேயே நிற்கும். ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் மண். அதுவே போதும். என் மனைவி முனிலட்சுமி ஜவளகிரியிலிருந்து கொண்டுவந்த நாட்டு விதை, கடையில் கிடைக்காது. அவள் இறந்த பிறகு மகள் கவிப்ரியாதான் போட்டு எடுத்தாள்.

நல்ல காயாகப் பார்த்து நூல் கட்டி விடுவோம். நூல் கட்டியதை யாரும் பறிக்கக் கூடாது. செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே குலுங்க வேண்டும். அப்போதுதான் அது விதை.

கவிப்ரியாவை அவள் கம்பெனி புனேவுக்கு மாற்றியது. பெரிய பொறுப்பு. தெருவுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தேன்.

"அம்மா விதை குலுங்கட்டும்பா. ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டு கெளம்பறேன்" என்றாள்.

நூல் கட்டிய காய்களைப் பச்சையாகவே பறித்தேன். எலி என்று சொன்னேன். ஆலை வாசலில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து வீட்டு சுகுணா, "ஊரான் கம்பெனிய காவல் காத்தவரு வீட்லயே எலி பூந்துடுச்சாண்ணா?" என்று கேட்டாள். கவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். மிச்ச விதையை மறுபடி ஊன்றிவிட்டு, கம்பெனியில் அவகாசம் கேட்டாள்.

இம்முறை அவளே வலை கட்டினாள். காய்கள் மஞ்சளாகத் தொடங்கின. பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

விதையில் வண்டு விழாமலிருக்கக் கலக்கும் மருந்து வீட்டில் இருந்தது. நீங்கள் கேட்டது அதைத்தான். பொரியலில் கொஞ்சம்தான் கலந்தேன். காய்ச்சல் வந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்குமே, அந்த அளவுக்கு. "நீ செஞ்சாலும் அம்மா செஞ்ச மாதிரியே இருக்குப்பா" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

சுருண்டு படுத்தாள். பயணம் தள்ளிப்போனது. கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அப்போது எனக்கு ஷிப்ட். எழுந்து நடக்கத் தொடங்கியதும் மறுபடி கலந்தேன். டாக்டர் வயிற்றுப்புண் என்றார். அவர் எழுதிய மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்ததும் நான்தான். சுகுணாவைக் கேளுங்கள்.

அன்று காலை, வெடித்துச் சிந்திவிடும் என்று காய்களைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் கண் திறக்கவில்லை. என் காலடி கேட்டிருக்க வேண்டும்.

"காய் குலுங்குதாப்பா?"

சட்டைப்பையில் குலுங்கிக்கொண்டுதான் இருந்தன. உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"இன்னும் இல்லம்மா."

"சரிப்பா. காயட்டும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் கை சில்லிட்ட பிறகும் பையைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தேன்.

குலுங்குகிறது என்று சொல்லியிருந்தால் அவள் எழுந்து கிளம்பிப் போயிருப்பாள், சார்.